வெளியே போகிற வயர்

மைக்கை உள்ளங்கையால் பொத்தினால் சத்தம் அடங்கிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அடங்காது, அலறும். வெளியே கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கர்களில் இருந்து ஊளை போல ஒன்று கிளம்பும். தெருவில் போகிறவன் சைக்கிளை விட்டு இறங்கிக் காதைப் பொத்திக்கொள்வான். மைக்கைப் பிடித்தவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் பயந்துபோய்க் கையை எடுத்துவிடுவார். மேடையில் பேச வந்த பெரிய மனிதர்கள் எடுத்திருக்கிறார்கள், வாழ்த்த வந்த தாய்மாமன்கள் எடுத்திருக்கிறார்கள். எடுக்காத ஒரே ஒருத்தியைத்தான் நான் பார்த்திருக்கிறேன். தருமபுரி கலெக்டர் அலுவலகத்துக் கூட்ட மண்டபத்தில், சட்டமன்றக் குழு உட்கார்ந்திருந்த மேசைக்கு நேர் எதிரில், மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கையை மைக்கின் தலைமேல் வைத்து அழுத்திக்கொண்டு, குழாய்கள் அலற அலற அவள் அசையாமல் நின்றாள். அவள் என் அக்கா. ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தவன் நான்.

நான் ஏழாம் வகுப்புப் பாதியில் விடுதியை விட்டு ஓடியவன். மொரப்பூரில் நின்றிருந்த ரயிலில் ஏறினேன். எந்தப் பக்கம் போகிற ரயில் என்றுகூடக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒரே இடத்தில் ஒரு வருடம் சேர்ந்தாற்போல இருந்ததில்லை. பெங்களூரில் ஓட்டல் மேசை துடைத்தேன், ஓசூர்ப் பக்கம் கல் உடைத்தேன், லாரியில் கிளீனராக நாக்பூர் வரைக்கும் போய் மஞ்சள் காமாலையோடு திரும்பினேன். பட்டினி கிடந்திருக்கிறேன், அடி வாங்கியிருக்கிறேன். அந்தக் காலத்தில் ஓடிப்போன பையன்கள் எல்லோருக்கும் கிடைத்ததுதான் எனக்கும் கிடைத்தது. அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. சுற்றிச் சுற்றிக் கால் கொண்டுவந்து விட்ட இடம் தருமபுரி பஸ் நிலையம். அங்கே ஒரு மைக் செட் கடையில் குழாய் கட்டவும் வயர் இழுக்கவும் ஆள் தேவைப்பட்டது. இருபதைக் கொஞ்சம் தாண்டிய வயது, மரம் ஏறத் தெரியும். அது போதுமானதாக இருந்தது.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கு வீடு என்று இருந்தது அக்காவின் வீடு ஒன்றுதான். ஏரியூரைத் தாண்டி ஒரு கிராமம். மாமாவுக்கு மானாவாரி நிலம். மழை பெய்தால் கேழ்வரகு, நிலக்கடலை. பெய்யாவிட்டால் இரண்டு பேரும் கூலிக்குப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போவார்கள். கல்யாணமாகி நெடுநாள் ஆகியும் குழந்தை இல்லை. ஊரில் யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லிவிடவில்லை. ஆனால் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றால், ஞானத்தாயாக நிற்கச் சொல்லி அக்காவை மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. அவளைவிடச் சின்னப் பெண்கள் எல்லாம் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு தீர்த்தத் தொட்டி அருகே நிற்பார்கள். அக்கா பின் வரிசையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எல்லாருக்கும் சேர்த்துச் செபம் சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் குரல் கொஞ்சம் பெரியது. கோயிலின் பின் வரிசையில் இருந்தும் பீடம் வரைக்கும் கேட்கும்.

அப்போது பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில் மாதம் ஒருமுறை வைத்தியர் ஒருவர் வந்து தங்குவார். அவர் பெயரும் எனக்கு முழுசாகத் தெரியாது. ஊருக்கு அவர் லாட்ஜ் வைத்தியர். ‘குழந்தை இல்லையா? கவலை வேண்டாம்’ என்று மாவட்டம் முழுக்கச் சுவரில் எழுதியிருப்பார்கள். அக்காவும் மாமாவும் யாருக்கும் சொல்லாமல் அந்த அறைக்குப் போயிருக்கிறார்கள். வைத்தியரைப் பார்ப்பதற்கு முன்னால், உதவியாளன் ஒருவன் உட்கார வைத்துப் பெயர், புருஷன் பெயர், ஊர், கல்யாணம் ஆன காலம் எல்லாம் கேட்டான். அதோடு, பெண்கள் பெண்களிடம்கூடச் சொல்லக் கூசுகிற சங்கதிகளையும் கேட்டு எழுதிக்கொண்டான். “கோயில்ல சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனம் பண்றப்பக்கூட இவ்வளவு கேக்க மாட்டாங்கடா” என்று பின்னாளில் அக்கா சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டாள். மருந்து வேண்டுமென்றால் சொல்லத்தானே வேண்டும்?

லேகியம் கொடுத்தார்கள். சில மாதம் சாப்பிட்டாள். முகம் ஊதிக்கொண்டது, கால் வீங்கியது. “மருந்து வேலை செய்யுது, உடம்பு பிடிக்குது” என்றானாம் உதவியாளன். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது, லேகியத்தில் ஏதோ இங்கிலீஷ் மாத்திரையைப் பொடி பண்ணிக் கலந்திருக்கிறான், இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் பிழைத்திருக்கமாட்டாய் என்று டாக்டர் அம்மா திட்டி அனுப்பினார். அக்கா மருந்தை நிறுத்தினாள். வீக்கம் வடிந்தது. அத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்தாள்.

அது முடியவில்லை என்று நான் தெரிந்துகொண்டது போண்டாவால். பஸ் நிலையத்தில் போண்டா மடித்துக் கொடுத்த காகிதம் லாட்ஜ் வைத்தியரின் நோட்டீசு. எண்ணெயில் ஊறிக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்த அதில், ‘நமது மருந்தால் மக்கட்பேறு அடைந்தவர்கள்’ என்ற தலைப்பின் கீழே பெயரும் ஊருமாக வரிசை. அந்த வரிசையில் அக்காவின் பெயர், மாமாவின் பெயர், ஊரின் பெயர். ‘ஆண் குழந்தை’ என்று போட்டிருந்தான். மென்றுகொண்டிருந்ததைத் துப்பிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏரியூருக்குப் போனேன்.

அக்காவுக்கு எனக்கு முன்பே தெரிந்திருந்தது. சந்தையில் மிளகாய் விற்கிறவள் எல்லார் எதிரிலும், “புள்ள பொறந்துதாமே, வாய இனிக்கப் பண்ண மாட்டியா?” என்று கேட்டிருக்கிறாள். அவள் கேலியாகக் கேட்டாளா, நோட்டீசை யாரோ படித்துக்காட்டியதை உண்மை என்று நம்பிக் கேட்டாளா என்று இன்றுவரை தெரியாது. பக்கத்தில் நின்றவன், “பொறந்த புள்ளய எங்கம்மா ஒளிச்சு வச்சிருக்கீங்க?” என்றான். அக்கா வாங்கிய மிளகாயை அங்கேயே கொட்டிவிட்டு வந்துவிட்டாள். நான் போனபோது மாமா வாசலில் தலையைக் குனிந்துகொண்டு கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

“வுடு மாப்ள. நாலு நாளு பேசுவாங்க. அப்பறம் மறந்துருவாங்க” என்றார்.

அக்கா உள்ளே இருந்து வந்தாள். முகத்தில் அழுகை இல்லை, கோபம்தான் இருந்தது. “மருந்து பலிக்கலன்னா அது என் தலையெழுத்துன்னு வச்சிக்கறேன். அவன நம்பிச் சொன்னதைக் கொண்டுபோயி என் பேர வித்திருக்கறான். அது யாரு தலையெழுத்து?” என்று மாமாவைக் கேட்டாள். அவர் கயிற்றை இன்னும் இறுக்கித் திரித்தார். பேரை விற்பது என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

நான் வழக்கம்போல எங்கோ கிளம்பிப் போய்விட்டேன். திரும்பி ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனபோது வாசல் முழுக்கக் கோழிகள். கருப்பு, சாம்பல், கழுத்தில் மயிர் இல்லாதது, பொரிப் பொரியாகப் புள்ளி வைத்தது என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத கோழிகள். ஒன்றை ஒன்று கொத்திக்கொண்டு கிடந்தன. “உங்க அக்கா கோழி வியாபாரம் ஆரம்பிச்சிட்டா” என்றார் மாமா. விஷயம் அதுவல்ல. நோட்டீசில் இருந்த மற்றப் பெயர்களைத் தேடி அவள் ஊர் ஊராகப் போயிருக்கிறாள். நாட்டுக் கோழி வாங்க வந்தேன் என்று சொல்லித்தான் ஒவ்வொரு வீட்டுப் படியும் ஏறியிருக்கிறாள். மாமியார்கள் இருக்கும் வீட்டில் வேறு என்ன சொல்ல முடியும்? கோழியைப் பிடிக்க அந்த வீட்டுப் பெண்ணைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போவாள். அங்கே நின்று மெதுவாக, “நீயும் அந்த லேகியம் தின்னியா?” என்று கேட்பாள். கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினால் சந்தேகம் வரும் என்று கோழியையும் வாங்கிக்கொண்டு வருவாள். பெயரையும் ஊரையும் அச்சடித்து அந்தப் பெண்களிடம் போகும் வழியை அவளுக்குக் காட்டிக்கொடுத்தவன் அந்த வைத்தியனே. அதை நினைத்து அவளுக்கு ஒரு சிரிப்பு.

“எத்தனை பேருக்குக்கா புள்ள பொறந்திருக்கு?” என்று கேட்டேன்.

“கோழிங்களுக்குப் பொறந்திருக்கு” என்றாள்.

கோழி மேய்கிற அழகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே தவிர, இதெல்லாம் எதற்கு என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நான் வாயில் எதுவும் தங்காதவன் என்பது அவள் எண்ணம். அது சரியும்கூட, மைக் செட்டுக்காரனின் வாய்.

அது நுகர்வோர் சட்டம் வந்த புதிது. பொருள் வாங்கி ஏமாந்தவன் போய்க் கேட்க ஒரு இடம் வருகிறது என்று பேச்சு இருந்ததே தவிர, அந்த இடம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சமயத்தில்தான் மெட்ராசில் இருந்து சட்டமன்றக் குழு ஒன்று மாவட்டத்துக்கு வருவதாக அறிவித்தார்கள். எடை, அளவு, கலப்படம், போலிச் சரக்கு என்று என்ன புகார் இருந்தாலும் மக்கள் எழுதிக் கொடுக்கலாம். குழு அதிகாரிகளை எதிரே நிறுத்தி விசாரிக்கும். பிறகு சட்டமன்றத்தில் அறிக்கை வைக்கும். மைக் செட் எங்கள் கடைக்கு வந்தது. மண்டபத்துக்குள் மட்டும் வைத்தால் போதாது, வெளியே இருக்கும் ஜனங்களுக்கும் கேட்க வேண்டும் என்று சொன்னார்கள். எங்கள் தொழிலில் அப்படிச் சொல்லிவிட்டால் பிறகு அளவே கிடையாது. காம்பவுண்டில் இருந்த மரங்களில் கட்டினேன், கேட்டுக்கு வெளியே கம்பத்தில் கட்டினேன், சாலையைத் தாண்டி டீக்கடைக் கூரை வரைக்கும் வயரை இழுத்து அங்கேயும் ஒரு குழாயைக் கட்டினேன். மாரியம்மன் பண்டிகைக்குக் கட்டுவது மாதிரி கட்டிவிட்டு, நாலாபக்கமும் நடந்து பார்த்து, நன்றாகத்தான் கேட்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உண்மையில் அந்தக் காலை அழகாகத்தான் ஆரம்பித்தது. குழுத் தலைவர் தெற்கத்திக்காரர், வயதானவர், எல்லோரையும் தாயி, தம்பி என்று கூப்பிடுவார். குமாஸ்தா ஒவ்வொரு மனுவாக எடுத்து, மனுதாரர் பெயர், தகப்பன் அல்லது புருஷன் பெயர், ஊர், குறை என்று மைக்கில் உரக்கப் படிப்பார். சிமெண்டில் மண் கலந்தது, மண்ணெண்ணெய் அளவு குறைந்தது, முளைக்காத விதை. தலைவர் அதிகாரியைப் பார்த்துக் கேள்வி கேட்பார். அதிகாரி எழுந்து நின்று எச்சில் விழுங்குவது குழாய் வழியாக டீக்கடை வரைக்கும் கேட்கும். வெளியே ஜனங்கள் கைதட்டினார்கள். சட்டமன்றம் என்றால் மெட்ராசில் எங்கேயோ இருப்பது என்று இருந்தவர்கள், அது தங்கள் ஊர்ப் புளியமரத்தில் இருந்து பேசுவதைக் கேட்டார்கள். நான் கட்டிய குழாய்.

சாலைக்கு எதிர்ப்பக்கம் பஸ் நிற்கிற இடத்தில் சில பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள் என்பதை நான் கவனிக்கவில்லை. பஸ் வந்தால் ஏறாமல் பஸ்ஸை விட்டுக்கொண்டே இருந்தார்கள். கோழி வாங்கிய வீட்டுப் பெண்கள் அவர்கள். தங்கள் பேரைப் படிக்கிறார்கள் என்றால் அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விடுவோம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். புருஷனுக்குத் தெரியாமல் வந்தவர்கள் இருந்தார்கள். இன்னொரு கல்யாணத்துக்கு வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்தவள் ஒருத்தி. தான்தான் மலடி என்பதை ஊரறிய அவளே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டால், அவளை வீட்டை விட்டு அனுப்ப அவர்களுக்கு வேறு காரணம் தேவைப்படாது. லாட்ஜ் வைத்தியரின் உதவியாளன் எங்கள் குழாய்க்கு நேர் கீழே, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். உள்ளே வந்து வேவு பார்க்க வேண்டிய வேலைகூட அவனுக்கு இல்லை. யார் யார் பேசுகிறார்கள் என்று டீ குடித்துக்கொண்டே கேட்கலாம். அதற்கு வேண்டியதை எல்லாம் நான் செய்துகொடுத்திருந்தேன். அக்கா ஒருத்தி மட்டும் போய்ப் பேசினால், ஒரு பைத்தியக்காரி உளறுகிறாள் என்று தள்ளிவிடுவார்கள். அத்தனை பேரும் பேசினால்தான் வழக்கு நிற்கும். பேரும் வெளியே போகக் கூடாது, புகாரும் உள்ளே போக வேண்டும். அவள் அன்றைக்குத் தூக்கிவந்த சுமை அதுதான்.

குமாஸ்தா அடுத்த மனுவை எடுத்து மனு எண்ணைப் படித்தார். “ஏரியூர் வழி...” என்று ஆரம்பித்தார். பின்வரிசையில் இருந்து ஒரு பெண் விறுவிறு என்று வந்தாள். வந்த வேகத்தில் மைக்கின் தலையில் உள்ளங்கையை வைத்தாள். குழாய்கள் அலறின. அப்போதுதான் அது அக்கா என்று பார்த்தேன். மடிப்புக் கலையாத, கோயிலுக்குப் போகும்போது கட்டுகிற வெள்ளைச் சேலை.

“யாரும்மா நீ? மைக்க வுடு! கைய எடு!” என்று ஓர் அதிகாரி ஓடிவந்தார். அவள் எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

“டேய், வெளிய போற வயரக் கழட்டு.”

மண்டபம் மொத்தமும் என்னைப் பார்த்தது. நான் ஒலியைக் குறைத்தேன், ஊளை நின்றது. ஆனால் வயரில் கை வைக்கவில்லை.

“அதெல்லாம் கழட்டக் கூடாது. பொதுஜனங்க கேக்கணும்னு உத்தரவு” என்றார் அதிகாரி.

“பொதுஜனம் கேக்கட்டுங்க. கலப்பட சிமெண்ட கேக்கட்டும், மண்ணெண்ணெய கேக்கட்டும். நான் சொல்லப் போறத இந்த அய்யா கேட்டாப் போதும். டீக்கடையில குந்தியிருக்கறவன் என்னாத்துக்குங்க கேக்கணும்?”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “அந்தத் தம்பிய நீ டேய்ங்கறியே, யாரு உனக்கு?”

“கூடப் பொறந்தவன்தானுங்க. நான் வர்றது அவனுக்கே தெரியாது. பாருங்க, முழிக்கறான்.”

சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். தலைவர் சிரிக்கவில்லை. அவருக்கு இடப்பக்கம் மருந்துக் கட்டுப்பாட்டைப் பார்க்கிற அதிகாரி நின்றுகொண்டிருந்தார். மனுவைக் கையில் வாங்கி மனதுக்குள்ளேயே படித்த தலைவர், அவரைப் பார்த்துக் கேட்டார்: “குழந்தை பிறக்க மருந்துன்னு நோட்டீசு போடக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்ல?”

“இருக்குதுங்கய்யா. பழைய சட்டம்.”

“எத்தனை பேர் மேல நடவடிக்கை எடுத்தீங்க?”

“புகாரே வரலீங்கய்யா.”

“ஏன் வரலை?”

அதிகாரி கோப்பைப் புரட்டினார். அக்கா சொன்னாள்: “வெளிய ஸ்பீக்கர் கட்டி வச்சா எப்பிடிங்க வரும்? எங்க கோயில்ல பாவசங்கீர்த்தனம்னு ஒண்ணு இருக்கு. சாமியாரு காதோட கேப்பாரு, செத்தாலும் வெளிய சொல்ல மாட்டாரு. அதனாலதான் எல்லாரும் வர்றாங்க. அதுக்கு ஸ்பீக்கர் கட்டினா ஒருத்தியாவது வருவாளா? என் பேரு ஏற்கெனவே சந்தி சிரிச்சாச்சு. எனக்காக கேக்கலீங்க. வெளிய நிக்கறவங்களுக்காக கேக்கறேன்.”

“நடைமுறைன்னு ஒண்ணு இருக்குங்கய்யா. மனுதாரர் பேரைப் படிச்சுத்தான் பதிவு பண்ணணும்” என்றார் குமாஸ்தா.

“நடைமுறை மேல இருந்தா விழுந்துச்சு? நாம போட்டதுதானய்யா” என்றார் தலைவர். பிறகு என்னைப் பார்த்தார். “கழட்டிரு தம்பி.”

கழற்றினேன். வயரைப் பிடுங்கும்போது எல்லாக் குழாய்களிலும் ஒரே நேரத்தில் ‘டுப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு ஓர் அமைதி விழும். பண்டிகை முடிந்த ஊரில் விழுகிற அமைதி மாதிரி அது. காக்கைகள் கத்துவது அப்போதுதான் காதில் விழும்.

“இப்ப சொல்லு தாயி.”

“கொஞ்சம் பொறுங்கய்யா” என்று சொல்லிவிட்டு அக்கா வாசலைப் பார்த்து நின்றாள். யாரும் வரவில்லை. அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ தொண்டையைச் செருமினார். வெளியே ஒரு பஸ் வந்து நின்றது, ஹாரன் அடித்தது, கிளம்பிப் போனது. அக்காவின் கை அப்போதும் மைக்கின் மேலேயே இருந்தது. அதில் சத்தமே வராது என்பது அவளுக்குத் தெரியாது. என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் மேடையில் பேச்சு வராமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன், அப்போதெல்லாம் எனக்கு ஒன்றும் ஆனதில்லை. அன்றைக்குத்தான் முக்காலியில் உட்கார முடியாமல் எழுந்து நின்றேன்.

வாசலில் ஒரு பெண் தெரிந்தாள். முக்காட்டை முகம் வரைக்கும் இழுத்துவிட்டிருந்தாள், கையில் துணிப்பை. உள்ளே வரலாமா என்பது போல நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா தலையை மட்டும் அசைத்தாள். அந்தப் பெண் வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பிறகு இரண்டு பேர் கையைக் கோத்துக்கொண்டு. குழாய் ஓய்ந்ததைத்தான் அவர்கள் எதிர்பார்த்து நின்றிருக்கிறார்கள். கூப்பிட்டால் வரமாட்டோம், குழாய் நின்றால் வருவோம் என்று அக்காவிடம் பேசிவைத்திருந்தார்கள். வரிசையாக வந்து அக்காவுக்குப் பின்னால் நின்றார்கள். நோட்டீசின்படி பிள்ளை பெற்ற தாய்மார்கள் அத்தனை பேரும்.

தலைவர் எழுந்து நின்றார். ஏன் எழுந்தார் என்று தெரியவில்லை, அவருக்கே தெரிந்திருக்காது. பிறகு உட்கார்ந்து, மருந்து அதிகாரியையும் குமாஸ்தாவையும் தவிர மற்றவர்களை எல்லாம் வெளியே போகச் சொன்னார். குமாஸ்தாவிடம், “பேர் எழுத வேண்டாம். ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டுக்க” என்றார். நானும் போக வேண்டியதாயிற்று. கதவைச் சாத்தினார்கள். உள்ளே அந்தப் பெண்கள் என்ன சொன்னார்கள் என்பது எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. அக்கா சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. அவள் விஷயத்தில் என் வாய் அடங்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

வெளியே வந்ததும் டீக்கடையில் இருந்து உதவியாளன் சாலையைத் தாண்டி வந்தான். “என்னப்பா, செட்டு அவுட்டா?”

“ஆமாங்க, யூனிட்டு புகைஞ்சிருச்சு.”

“எப்ப சரியாவும்?”

“சேலத்துல இருந்து சாமான் வரணுங்க” என்றேன். அவன் கதவையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த மாதம் லாட்ஜ் வைத்தியர் வரவில்லை. வருவதற்குள் அந்த அறையில் இருந்த லேகியத்தையும் கட்டுக் கட்டாக நோட்டீசையும் அதிகாரிகள் அள்ளிப்போய்விட்டார்கள். பழைய சட்டம்தான், ஆனால் உயிரோடு இருந்தது. அவர்மேல் வழக்குப் போட்டார்கள். சுவர் எழுத்துகளின் மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். இன்னொரு கல்யாணத்துக்குப் பெண் பார்த்த வீட்டில், அந்தப் பெண் எங்கே போய் வந்தாள் என்பது கடைசி வரைக்கும் தெரியவில்லை. அந்த வீட்டில் லேகியத்தைத் தின்றது அவள் அல்ல, அவர்கள் மகன்தான் என்று பிற்பாடு அக்காவுக்குத் தெரியவந்தது. அதைச் சொல்லும்போது அவள் சிரித்த சிரிப்பில் அன்றைய கோழிகள் எல்லாம் கலைந்து ஓடின.

ஆனால் பேரைப் போட்டதற்குச் சட்டம் கிடைக்கவில்லை. விசாரணை முடிந்து பஸ்ஸில் வரும்போது அக்கா சொன்னது இது. “மருந்துக்குச் சட்டம் இருக்கு தாயி, கலப்படத்துக்கு இருக்கு. நீ நம்பிச் சொன்னதை இன்னொருத்தன் எடுத்து வித்ததுக்கு என்ன பிரிவுன்னு எங்களுக்கே தெரியலை” என்று தலைவர் நேராகவே சொன்னாராம். ஏதாவது ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடாமல் அப்படிச் சொன்னதுதான் அக்காவுக்கு அவர்மேல் மரியாதையை உண்டாக்கியது. இல்லை என்பதையும் அறிக்கையில் எழுதிவைக்கிறோம் என்றாராம். “எழுதி வையுங்க. இன்னிக்கு இல்லன்னா என்னைக்காவது வரட்டும்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இப்படிப்பட்ட புகார்களில் மனுதாரர் பெயரை வெளியே படிக்கக் கூடாது, கேட்கிறவர்களுக்குத் தனியாக விசாரணை வைக்க வேண்டும் என்று அந்த அறிக்கையில் இருந்ததாகப் பிறகு அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். நான் அறிக்கையைப் பார்த்ததில்லை. ஆனால் அடுத்த தடவை ஒரு குழு வந்தபோது எங்கள் கடைக்கு வந்த உத்தரவைப் பார்த்தேன். உள்ளே ஒரு மைக் போதும், வெளியே குழாய் தேவையானால் தனி சுவிட்சு வைக்க வேண்டும், அது தலைவர் கைக்கு எட்ட வேண்டும். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். “எவளோ வந்து பொழப்புல மண்ணப் போட்டுட்டாடா” என்றார். எவள் என்று நான் சொல்லவில்லை.

அக்காவுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அதை ஒரு குறையாகப் பேசும் வழக்கத்தை ஊர்தான் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. கோழிகள் பெருகின. ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஞானத்தாயாக நிற்கும்படி அவளைக் கேட்டார்கள். அவள் உடனே சரி என்று சொல்லவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்றாளாம். அந்தக் கெத்து எனக்குப் பிடித்திருந்தது.

நான் இன்னும் பல வருடம் சுற்றினேன். மைக் செட் தொழிலும் மாறிவிட்டது. குழாய்கள் போய்ப் பெட்டிகள் வந்துவிட்டன. இப்போது அக்கா வீட்டிலேயே இருக்கிறேன். மாமா இல்லை. அக்காவின் முதுகு வளைந்துவிட்டது, குரல் வளையவில்லை. இதை எழுதப் போகிறேன் என்றதும் அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: பேரும் போடாதே, ஊரும் போடாதே. அதனால் நீங்கள் அவளைத் தேடிக் கோழி வாங்க வர முடியாது.

போன மாதம் அவளுக்கு மாத்திரை வாங்கத் தருமபுரிக்குப் போனோம். புதிய மருந்துக் கடை. கண்ணாடிக் கதவு, குளிர்பதனம். மாத்திரையை எடுத்து வைத்துவிட்டுக் கல்லாவில் இருந்த பையன், “போன் நம்பர் சொல்லுங்க” என்றான்.

“மாத்திரைக்குத்தான் காசு குடுத்தாச்சே. நம்பர் எதுக்கு சாமி?” என்றாள் அக்கா.

“சிஸ்டம் கேக்குதுங்க ஆயா.”

“அந்தச் சிஸ்டத்த இங்க வரச் சொல்லு. என்னான்னு நானே கேக்கறேன்.”

பையன் சிரித்தான். வரிசையில் பின்னால் நின்றவர்கள் நெளிந்தார்கள். நம் விவரங்களை நம்மைக் கேட்காமல் யாரும் எடுத்து விற்கக் கூடாது என்று டெல்லியில் சட்டம் போட்டுவிட்டதாகப் பேப்பரில் வந்ததை நான்தான் அவளுக்குப் படித்துக்காட்டியிருந்தேன். “அந்தத் தலைவரு எழுதி வச்சிட்டுத்தான் போயிருக்காரு” என்று அன்றைக்குத் தலையாட்டினாள். ஆனால் எனக்கு அப்போது அதெல்லாம் நினைவில் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வாய்ப் பழக்கத்தில், கேட்டதும் சொல்லிவிடுகிற எல்லோரையும் போல, நம்பரைச் சொல்ல ஆரம்பித்தேன். முதல் எண் வாயில் இருந்து வந்ததுதான். அதற்குள் காய்த்துப்போன ஓர் உள்ளங்கை என் வாய்மேல் வந்து அழுந்தியது.

நான் அலறவில்லை. அவளும் கையை எடுக்கவில்லை. எடுக்காமலேயே பையனைப் பார்த்து, “நம்பர் இல்லாம பில்லு போடு சாமி” என்றாள். போட்டான்.